புகையை நிறுத்த உதவி: கடலூர் சிப்காட் ஷிப்ட் தொழிலாளர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

கெடிலக்கரை:

கடலூர் முதுநகருக்குத் தெற்கே சிப்காட்டில் இருக்கும் ஒரு ரசாயன ஆலையின் தொழிலாளர் நலக் குழுவுக்காகக் கேட்கிறேன். புகையை விட வேண்டும் என்று மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "விட்டுடுப்பா" என்று சொல்ல ஊரே இருக்கிறது. எப்படி விடுவது என்று கூடவே நின்று சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

முதலாமவருக்கு 52 வயது. பீடி, நாளுக்கு 30-ஐ ஒட்டி வரும். எழுந்து பாயைச் சுருட்டுவதற்குள் முதல் பீடி பற்றவைத்தாக வேண்டும். இரண்டாமவருக்கு 44. சிகரெட் 12, முதலாவது எழுந்த கால் மணியில் டீயோடு. வீசிங்குக்கு தினமும் டெரிபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். மெடிக்கலில் நிகோடின் சூயிங்கம் வாங்கி, நாளுக்கு மூன்று என்று நாலு நாள் மென்றார். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வந்தன, சிகரெட் ஆசை போகவில்லை என்று விட்டுவிட்டார். மூன்றாமவர் 27 வயதுப் பையன். சிகரெட் நாலைந்து, அதோடு கன்னத்தில் அதக்கும் ஹான்ஸ் புகையிலையும் உண்டு.

மூவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. வார விடுமுறை ஞாயிறு. எங்கே போக வேண்டும், ஓ.பி.யில் என்ன சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும், எத்தனை தடவை அலைய வேண்டும், இலவசமா என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆலோசகர்_புதுவை:

கூலி போகாத வழியிலிருந்து தொடங்குவோம். 1800-11-2356 தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண். 2016-ல் டில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் மையத்தில் ஆரம்பித்தது. பிறகு பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலும் ஒரு மையம் வந்ததால் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே இந்த எண் அச்சாகிறது. தினம் கையில் எடுக்கிற அட்டையில் இருந்தும் அது பேசக் கூப்பிடுகிற எண் என்று பலருக்குத் தெரிவதில்லை.

நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை. திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு உண்டு. உங்கள் ஆட்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். முதல் அழைப்புக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். என்ன புகைக்கிறார், எத்தனை, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது, முன்பு விட முயன்றாரா, என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்பார்கள். பிறகு நிறுத்தும் தேதி ஒன்றை அவரையே குறிக்க வைப்பார்கள்.

அதற்குப் பிறகு அங்கிருந்தே திரும்பக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். தெரியாத எண், ஏதோ லோன்காரன் என்று நம் ஆட்கள் துண்டித்துவிடுகிறார்கள், அல்லது போன் லாக்கரில் கிடக்கிறது. எந்த வாரம் எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுக்க முடியும் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி ஆஸ்பத்திரி. பீடிக்காரரும் வீசிங்காரரும் ஒரு தடவையாவது நேரில் போகத்தான் வேண்டும். ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "சிகரெட்டை விடணும்" என்று மட்டும் சொன்னால் பொது மருத்துவத்துக்குச் சீட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள், அங்கே அரை நாள் போய்விடும். "புகையிலை நிறுத்த ஆலோசனை வேண்டும், எந்தப் பிரிவு?" என்று கேளுங்கள். இந்த வேலையைப் பார்க்கிற பிரிவுகள் மூன்று: மனநலம், நெஞ்சக நோய், பல். மனநலம் என்று சீட்டில் இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு. நிகோடின் பழக்கத்துக்கு மருந்து எழுதுவது அங்கே அன்றாட வேலை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

பக்கத்தில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. தெற்கே போனால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பழைய ராஜா முத்தையா. வடக்கே புதுச்சேரி ஜிப்மர். அது மத்திய அரசு நிறுவனம், தமிழ்நாட்டு ஆட்களும் தாராளமாகப் போகலாம். ஆனால் விடுமுறைப் பட்டியல் மத்திய அரசுடையது, அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கடலூர் பஸ் புதுச்சேரி பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து திண்டிவனம் சாலையில் கோரிமேடு பக்கம் போகிற பஸ் பிடிக்க வேண்டும். சீட்டு காலையில்தான் போடுவார்கள் என்பதால் இரவு ஷிப்ட் முடித்து நேரே போவது நடக்கிற காரியம் இல்லை. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் போனாலும் மதியத்துக்குள் திரும்புவது கஷ்டம். ஒரு முழு நாள் என்றே கணக்கு வையுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியது: ஆதார், பழைய ஓ.பி. சீட்டு, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை. "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் போதாது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதையும்.

மருந்து இலவசமா என்றால், ஆலோசனை நிச்சயம் இலவசம். நிகோடின் மாற்று மருந்துகள் (சூயிங்கம், பட்டை போன்றவை) 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் பட்டியலில் இருக்கிற மருந்து அன்றைக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் கையிருப்பில் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இல்லையென்றால் என்ன எழுதித் தருவீர்கள் என்று டாக்டர் அறையிலேயே கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். வரிசையில் மறுபடி நிற்க வேண்டியிருக்காது.

மருந்தாளுநர்_நெல்லிக்குப்பம்:

இரண்டாமவரின் சூயிங்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் செய்த தவறுகள் இரண்டு. இரண்டையும் விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று அளவு. டாக்டர் சீட்டில்லாமல் கிடைப்பது 2 மி.கி. அதில் உடம்பில் ஏறுவது ஏறக்குறைய பாதிதான், அதுவும் மெதுவாக. ஒரு சிகரெட்டில் சுமார் 1 மி.கி. ஏறும். பன்னிரண்டு சிகரெட் பழகிய உடம்புக்கு மூன்று சூயிங்கம் என்றால் கால் வயிற்றுக்குக் கஞ்சி ஊற்றிய மாதிரி. முதல் 6 வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 9-க்குக் குறையக் கூடாது. 7 முதல் 9-ஆம் வாரம் வரை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, 10 முதல் 12 வரை 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. உச்சம் நாளுக்கு 24. எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி. தேவை, அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். ஆகவே அவர் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படியும் வீண் போகாது.

இரண்டாவது மெல்லும் விதம். இது பபிள்கம் இல்லை. விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். அங்கே போனது கல்லீரலில் பெரும்பகுதி அழிந்துவிடும், ஆசை அடங்காது. விக்கலும் நெஞ்செரிச்சலும் அதனால்தான். மெதுவாக 15 தடவை போல மெல்ல வேண்டும். காரம் மாதிரி சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அதக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும், ஒரு நிமிடம் ஆகும், மறுபடி சில மெல்லு, மறு கன்னத்தில் அதக்கு. இப்படி அரை மணி. ஹான்ஸ் போடுகிற பையனுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

டீ, காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ் குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் கன்னத்தின் சவ்வு வழியே நிகோடின் ஏறாது. டீக்கடையில் டீ குடித்த கையோடு சிகரெட்டுக்குப் பதிலாக இதைப் போடுவார்கள், வேலை செய்யவில்லை என்பார்கள். சூயிங்கம் முதலில், டீ அப்புறம் என்று மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. ஒரு சிக்கல். பிளான்ட்டுக்குள் எதையும் மெல்லவோ தின்னவோ அனுமதி இல்லை, ரசாயனம் கை வழியாக வாய்க்குப் போகும் என்பதால். தீப்பெட்டியும் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு, வெளியே வந்ததும் அடுத்தடுத்து இரண்டு என்று பற்றவைக்கிறார்கள். இதற்கு என்ன வழி? பையன் வேப் வாங்கலாமா என்று வேறு கேட்கிறான். டெரிபிலினால் ஏதும் பிரச்சினை உண்டா?

மருந்தாளுநர்_நெல்லிக்குப்பம்:

பிளான்ட்டுக்குள் நிகோடின் பட்டைதான் (பேட்ச்) சரி. தோலில் ஒட்டுவது, வாய்க்கும் கைக்கும் வேலை இல்லை. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். பத்தும் அதற்குக் கீழும் என்றால் 14 மி.கி. 6 வாரம், 7 மி.கி. 2 வாரம்.

கடலோரப் புழுக்கத்தில், மேலே ஓவரால் வேறு போட்டுக்கொண்டால், பட்டை உரியும். குளித்துத் துவட்டி, பத்து நிமிடம் காற்றாட விட்டு, மேல்கையின் வெளிப்பக்கத்தில் ரோமம் குறைந்த இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் 10 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் பவுடர், எண்ணெய் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் அந்தக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு ஒட்டட்டும். ஓரம் தூக்கினால் மெடிக்கலில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டலாம். தினமும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும். பாதி போதும் என்று கத்தரிக்காதீர்கள். கழற்றியதில் நிகோடின் மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

பட்டை ஒட்டினதும் வேலை செய்யாது, ரத்தத்தில் போதிய அளவு ஏற இரண்டு மணி நேரமாவது ஆகும். அதனால் பீடிக்காரர் ராத்திரியும் பட்டையைக் கழற்றாமல் இருந்தால் விடிகாலை ஆசை குறையும். கெட்ட கனவு, தூக்கக்கேடு வந்தால் மட்டும் இரவில் எடுத்துவிடலாம். எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சூயிங்கம், பிளான்ட்டை விட்டு வெளியே வந்து கை கழுவியதும் ஒன்று. பட்டையும் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தரும், டாக்டர்களும் அப்படி எழுதுகிறார்கள். பட்டையோடு சேர்க்கும்போது மேலே சொன்ன ஒன்பது கணக்கு கிடையாது, ஆசை எழும்பும் நேரத்துக்கு மட்டும்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி கூடிக்கொண்டே போகிறவர் டாக்டரைக் கேட்காமல் இவை எதையும் தொடக்கூடாது.

நெஞ்சகப்பிரிவு_செவிலியர்:

டெரிபிலின் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பலருக்கும் இது தெரிவதில்லை.

அந்த மாத்திரையில் இருப்பது தியோபிலின் வகை. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, அந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் அந்தத் தூண்டுதல் குறைந்துவிடுவதால், அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். படபடப்பு, வாந்தி, கை நடுக்கம், தூக்கமின்மை வரலாம், அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் போகும். காரணம் நிகோடின் இல்லை, புகை. ஆகவே பட்டை ஒட்டினாலும் இது நடக்கும். நிறுத்தும் தேதியை மருந்து எழுதுகிற டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தாமாகவே நிறுத்தவும் கூடாது, வீசிங் கூடிவிடும். க்ளோசபின், ஓலன்சபின் என்ற மனநல மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காபிக்கும் டீக்கும் இதே கணக்குதான். நிறுத்தினபின் காஃபீன் உடம்பில் நின்று நிதானமாகக் கரையும். வழக்கமான ஆறு டீயைத் தொடர்ந்தால் நடுக்கமும் எரிச்சலும் வரும், அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். நிறுத்தும் நாளிலிருந்து டீயைப் பாதியாக்குங்கள்.

புகையை விட உதவும் மாத்திரைகளும் இரண்டு இருக்கின்றன, டாக்டர் சீட்டில்தான். வரெனிக்ளின்: முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7-ஆம் நாள் வரை 0.5 இரண்டு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். எட்டாம் நாள்தான் நிறுத்தும் நாள், அதாவது ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். சிலருக்குத் தலைசுற்றல் வரும். முதல் சில நாட்கள் உயரத்தில் ஏறும் வேலை, ஃபோர்க்லிஃப்ட் வேலை வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் நீங்களே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். மற்றது பியூப்ரோபியான். வலிப்பு வந்தவர்களுக்கு அறவே கூடாது. தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று குடியை நிறுத்துகிறவர்களுக்கும் கூடாது. குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கவே கூடாது என்பது இதனால்தான். டெரிபிலின் இருப்பவருக்கு இந்த மாத்திரையில் கூடுதல் கவனம் வேண்டும், அட்டையைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

மூவரில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "பீடி இருமல்தானே" என்று விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

வேப் வேண்டாம். 2019-லிருந்து இந்தியாவில் விற்பதே சட்டவிரோதம். கள்ளத்தனமாக வருகிறதில் எவ்வளவு நிகோடின், வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பல்மருத்துவர்_சிதம்பரம்:

27 வயதுப் பையன் நாலைந்து சிகரெட்தான் என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கக் கன்னத்தில் ஹான்ஸ் இருந்தால் நிகோடின் அங்கேயிருந்து ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. சிகரெட்டை மட்டும் நிறுத்தச் சொன்னால் ஹான்ஸ் பொட்டலம் இரண்டாகும். இரண்டையும் ஒரே தேதியில் நிறுத்த வேண்டும்.

அவனை முதலில் பல் பிரிவுக்கு அனுப்புங்கள். புகையிலை நிறுத்த மையம் நடத்துவதற்கென்று பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி (பழைய ராஜா முத்தையா), புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் உங்களுக்கு எட்டும் தூரம். பல் சுத்தம் செய்யச் சீட்டு வாங்கினாலே போதும், வாயைப் பார்க்கும்போது பேச்சு தானாக அங்கே வரும். "போதையை விட வந்தேன்" என்று கவுண்டரில் சொல்லக் கூச்சப்படுகிற பையன்களுக்கு இந்த வழி சுலபம்.

நீங்கள் ஆலையிலேயே பார்க்கக்கூடியது: வாயைத் திறந்து அவனுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக உள்ளே விடச் சொல்லுங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நாராகத் தட்டுப்படுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணும், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் அப்படித்தான். வாய் இறுகிப்போனவரால் சூயிங்கம் மெல்ல முடியாது, பட்டையோ சப்பும் மாத்திரையோ தருவோம். மெல்லும் புகையிலைக்கு மருந்தைவிட ஆலோசனைக்கே பலன் கூடுதல் என்பதால் அவனுக்கு உதவி எண்ணின் தொடர் அழைப்புகள் மிக முக்கியம். அதக்கும் பழக்கத்துக்கு மாற்றாகக் கிராம்பு, ஏலக்காய், பெருஞ்சீரகம் பாக்கெட்டில் இருக்கட்டும். பாக்கு வேண்டாம், புகையிலை கலக்காத பாக்கே வாயை இறுக்கும்.

ஆலோசகர்_புதுவை:

நல்ல விவரங்கள் வந்துவிட்டன. தேதி குறிப்பது பற்றிக் கொஞ்சம்.

யாருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்று இரண்டு கேள்வியில் கணக்கிடலாம். எழுந்து 5 நிமிடத்துக்குள் முதலாவது என்றால் 3 புள்ளி, 30-க்குள் 2, ஒரு மணிக்குள் 1, அதற்குப் பிறகு 0. எண்ணிக்கை 10 வரை 0, 20 வரை 1, 30 வரை 2, அதற்கு மேல் 3. பீடிக்காரருக்கு 5, வீசிங்காரருக்கு 3. ஆறுக்கு ஐந்து என்பது கடுமையான பிடி, அவரை மருந்தில்லாமல் மனஉறுதியை மட்டும் நம்பி இறக்கிவிடுவது அநியாயம். பீடி சின்னது, சிகரெட் மாதிரி இல்லை என்று டாக்டரிடமே குறைத்துச் சொல்வார்கள். பீடித்தூளில் நிகோடின் செறிவு சிகரெட்டைவிட அதிகம், அணையாமல் இருக்க இழுப்பதும் பலமாக இழுக்கிறார்கள். எண்ணிக்கையை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

தேதி இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். சம்பள நாள், ஊர்த் திருவிழா, இரவு ஷிப்ட் தொடங்கும் நாள் வேண்டாம். தவிப்பு உச்சத்தில் இருப்பது இரண்டாம், மூன்றாம் நாள், பிறகு மூன்று நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினால் உச்சம் திங்களும் செவ்வாயும் வரும். திங்கள் உதவி எண் இல்லை. வெள்ளிக்கிழமை நிறுத்தினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எண் கிடைக்கும், ஞாயிறு வேலையும் இல்லை. திங்களோ நடுராத்திரியோ மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

ஒரு ஆசை எழும்பி அடங்க மூன்று முதல் ஐந்து நிமிடம். அந்த நேரத்தைக் கடத்த ஒரு சொம்புத் தண்ணீரை மிடறு மிடறாகக் குடிப்பது, பத்து மூச்சு ஆழமாக இழுத்து விடுவது, இடத்தை விட்டு எழுந்து போவது. டீ இடைவேளையில் கேட்டுக்கு வெளியே போகாமல் கேன்டீனிலேயே உட்கார இந்த மூவருக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள். அது உங்கள் குழு கையில் இருக்கிற மருந்து.

ஒன்று இழுத்துவிட்டார் என்றால் பட்டையைப் பிய்த்துப் போட்டு "எல்லாம் போச்சு" என்று உட்காரக் கூடாது. பட்டை இருக்கட்டும், அந்தப் பாக்கெட்டின் மிச்சத்தை நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அன்றைக்கே உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். குடித்த இரவில்தான் இது அதிகம் நடக்கும், முதல் ஒரு மாதம் குடி வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் தடவை போகாததால்தான் பாதிப் பேர் நழுவுகிறார்கள். 21 மி.கி. முடிந்து 14-க்கு மாற வேண்டிய வாரத்தில் கையில் பட்டை இல்லை, கூலியை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. முதல் தடவையே பத்து வாரத்துக்கும் அளவு குறைப்போடு சேர்த்து எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கிற கருவி அங்கே இருந்தால் நிறுத்துமுன் ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டும். ஒரே நாளில் அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறுபடி வருகிறார்கள்.

மூன்று பேர் பத்துப் பேராக ஆனால் அலைவதை விட்டுவிட்டு ஆலோசனை சொல்கிறவர்களையே ஆலைக்கு வரவழையுங்கள். கடலூர் மாவட்ட சுகாதார அலுவலருக்கு, மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் குறிப்பிட்டு, ஆலை முகவரித் தாளில் ஒரு கடிதம்: எத்தனை பேர், எந்த ஷிப்ட் மாறும் நேரத்தில் உட்கார முடியும், பேச ஒரு அறை உண்டா, வாய்ப் பரிசோதனையும் வேண்டுமா. நகலைப் பல் மருத்துவக் கல்லூரியின் சமூகப் பல் மருத்துவப் பிரிவுக்கும் அனுப்புங்கள், வெளியே வந்து முகாம் போடுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

கெடிலக்கரை:

குறித்துக்கொண்டேன். வரும் ஞாயிறு காலை மூவரையும் ஒவ்வொருவராக நலக் குழு அறையிலிருந்து 1800-11-2356-க்குப் பேச வைக்கிறோம். டெரிபிலின் அட்டையோடு இரண்டாமவர் அடுத்த இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் நெஞ்சகப் பிரிவுக்குப் போவார், அன்றைய கூலியைக் குழு நிதியிலிருந்து கொடுக்கப் பேசியிருக்கிறோம். பையனுக்கு விரல் பரிசோதனை செய்தோம். இரண்டு விரல்தான் நுழைந்தது. நாளைக்கே சிதம்பரம் அழைத்துப் போகிறோம்.

பல்மருத்துவர்_சிதம்பரம்:

காலையிலேயே வந்துவிடுங்கள். சீட்டுப் போடும்போது "வாய் திறக்கவில்லை, ஹான்ஸ் பழக்கம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், நேராக வாய்நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இன்றிரவு முதல் காரம் வேண்டாம், ஹான்ஸும் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள்.